எதிர்த்தரப்பு

"ஏத்தா பேச்சி, பேனாவை எடு. அந்தப் படத்துக்கு எதிரா எழுதணும்."

தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பேச்சியம்மாளின் கை நின்றது.

"நானா அத்தை?"

"பின்ன? எனக்குக் கையெழுத்தே வராது. நீதான எட்டாவது வரைக்கும் படிச்சவ. நான் சொல்லச் சொல்ல எழுது."

சிவகாசிக்கு அந்த வாரம் ஒரு படம் வந்திருந்தது. புருசனை இழந்த சின்னப் பெண்ணுக்குக் கடைசியில் மறுகல்யாணம் நடக்கிற கதை. தெருவுக்குத் தெரு சண்டை. ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் கூட்டம், படம் சொன்னது சரி என்பவர்களும் தப்பு என்பவர்களும் எழுதிவந்து வாசிக்கலாம் என்று இளவட்டங்கள் தட்டி எழுதி வைத்தார்கள். 'தப்பு' என்ற பக்கத்தில் முதல் ஆளாகப் பேர் கொடுத்தவள் பலசரக்குக் கடை பத்திரகாளி.

அதுகூடப் பரவாயில்லை. எழுத உட்கார்த்திய ஆளைத்தான் பக்கத்து வீட்டுக் கருப்பம்மாளால் பொறுக்க முடியவில்லை. பத்திரகாளியின் ஒரே மகன் தங்கச்சாமி, கல்யாணமான பத்தாம் மாதம் விஷக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவன். மூன்று வருசமாகிறது. அவன் பெண்டாட்டிதான் இந்தப் பேச்சியம்மாள்.

"மதினி, இந்தப் புள்ள கையாலயா இதை எழுத வைக்கணும்? வேற ஆளே கிடைக்கலையா?" என்று வாசலில் நின்று கேட்டேவிட்டாள் கருப்பம்மாள்.

"என் மருமக எழுதுறா. உங்களுக்கு என்ன வந்துச்சு? நீங்க உங்க அடுப்பைப் பாருங்க."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

"பேருக்கேத்த பொம்பளதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள் கருப்பம்மாள்.

பத்திரகாளி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுது. தாலி அறுத்தவளுக்கு மறுதாலி கட்டுறது குடும்பத்துக்குக் கேவலம். எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"அவளுக்கு என்ன குறை? சோறு இருக்கு, துணிமணி இருக்கு, இருக்க வீடு இருக்கு."

பேனா ஒரு நொடி தயங்கி, பிறகு ஓடியது.

"இப்போ எதிர்த்தரப்பு என்ன சொல்லும்னும் எழுதணும். அதை வெட்டிப் பேசினாத்தான் நம்ம பேச்சு நிக்கும். கோர்ட்டுல வக்கீலுக அப்படித்தான் செய்வாகளாம். நீ எதிர்த்தரப்பு. சொல்லு."

"எனக்கு ஒண்ணும் தெரியாது அத்தை."

"படம் பாத்தேல்ல? அந்தப் பொண்ணுக்காகப் பேசு. வேற தாள்ல எழுதிக்கிட்டே சொல்லு."

பேச்சியம்மாள் புதுத்தாளை எடுத்தாள். குரல் எழும்பவே இல்லை.

"சோறு இருக்குன்னு சொல்றீக... தொழுவத்து மாட்டுக்கும்தான் நேரத்துக்குத் தீவனம் வைக்கிறோம்னு அவ சொல்லலாம்."

"ம். ஊர் என்ன பேசும்?"

"ஊர் இப்பவும்தான் பேசுது. நல்ல காரியத்துல எதுக்க வந்தா மூஞ்சியத் திருப்புது. அந்த ஊருக்காக அவ எதுக்கு ஒடுங்கிக் கிடக்கணும்?"

"செத்தவனுக்குத் துரோகம் இல்லையா அது?"

பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவுகளுக்கு அவ சிரிச்சாத்தான் பிடிக்கும். வேலை முடிஞ்சு வந்ததும் எதையாவது சொல்லிச் சிரிக்க வச்சிட்டுத்தான் சாப்பிட உக்காருவாக. அப்படிப்பட்ட மனுசன், இவ இருட்டுக்குள்ளயே கிடக்கணும்னா நினைப்பாக?"

படத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது. பத்திரகாளி அதைச் சொல்லவில்லை. முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"சரி, கடைசியா ஒண்ணு. அவ போயிட்டா, அந்த மாமியார்க்காரியை யாரு பாப்பா? பெத்த புள்ளையும் இல்ல."

"ஏன் விட்டுட்டுப் போகணும்? கூடவே கூட்டிட்டுப் போவா. சம்மதிக்கிறவனைத்தான் கட்டுவா."

"எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கா. அம்புட்டு ஆசையா அவளுக்கு?"

"ஆசைப்பட்டா என்ன தப்பு? எனக்கு இருபத்து மூணு வயசுதான் அத்தை ஆகுது!"

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள் பேச்சியம்மாள்.

"அத்தை, தெரியாமச் சொல்லிட்டேன். மன்னிச்சிருங்க. நான் முதல் தாளையே நல்லா எழுதித் தந்துர்றேன்..."

பத்திரகாளி முதல் தாளை எடுத்தாள். நாலாகக் கிழித்தாள்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டாவதைத்தான் வாசிக்கணும். நீயே வாசி. நான் பக்கத்துல நிக்கேன்."

"நீங்க 'தப்பு'ன்னுல்ல பேர் குடுத்திருக்கீக?"

"மாத்திக் குடுத்தாப் போச்சு. போன வருசம் ரெண்டு தடவை மறுகல்யாணத்துக்கு உங்கிட்டக் கேட்டேன். ரெண்டு தடவையும், 'என்னைத் துரத்தப் பாக்கிறீகளா'ன்னு அழுது சாப்பிடாமப் படுத்துக்கிட்ட. எனக்காகத்தான் நீ வேணாங்கிறன்னு தெரியும். உன் மனசுல இருக்கிறதை உன் வாயால வரவழைக்க எனக்கு வேற வழி தெரியல தாயி."

பேச்சியம்மாள் அத்தையின் மடியில் முகம் புதைத்துக்கொண்டாள். அவள் முதுகைத் தடவிக்கொண்டே பத்திரகாளி சொன்னாள்:

"அழுதது போதும், இன்னொரு தாள் எடு. திருத்தங்கல் அச்சாபீசுல வேலை பாக்கிற தனுஷ்கோடி வீட்டுல நாலு மாசமா உன்னைப் பொண்ணு கேக்காக. மாமியாரும் கூட வந்து இருக்கணும்னு அந்தப் புள்ளையே சொல்லியிருக்கு. வெள்ளிக்கிழமை வந்து பாருங்க, பதில் சொல்ல வேண்டியவ என் மகதான்னு எழுது."