சிவப்புச் சட்டை

இரண்டாந்தர லீக்கில் பதினோரு ஆண்டுகளாக அமெரிக்கக் கால்பந்து ஆடும் டோரியனுக்கு ஒரே வேலைதான்: ஓரத்திலிருந்து பாய்ந்து, பந்தை எறியப் போகிறவனைச் சாய்ப்பது. எதிரணியில் பந்தெறிந்த வெஸ்லியை மட்டும் முப்பத்தேழு முறை சாய்த்திருக்கிறான். இந்த ஆண்டு வெஸ்லி இவன் அணிக்கே வந்து சேர்ந்தான்.

பயிற்சியில் பந்தெறிபவன் சிவப்புச் சட்டை போட்டிருப்பான். அவன்மேல் யார் விரலும் படக்கூடாது. டோரியன் பாய்ந்து வந்து ஒரு சாண் தள்ளி நின்றான். வெஸ்லி பொத்தென்று விழுந்தான்.

"தொடாதேன்னு சொன்னேனில்ல!" என்று கத்தினார் கோச்.

"தொடவே இல்ல, கோச்."

மறுமுறை மூன்றடி தள்ளி நின்றான். அப்போதும் வெஸ்லி விழுந்தான். டோரியன் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சத்தியமாச் சொல்லு, நான் உன்னத் தொட்டேனா?"

"தெரியலயேப்பா," என்றான் வெஸ்லி, வாயிலிருந்த புல்லைத் துப்பியபடி.

மூன்றாவது விசிலுக்கு டோரியன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பாயாமல், தொடக்கக் கோட்டிலேயே நின்றுவிட்டான். பந்தோடு திரும்பிய வெஸ்லி அவன் நிற்பதைப் பார்த்தான். பிறகு பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எப்போதும் விழும் இடப்பக்கமாகவே விழுந்தான்.

மைதானமே டோரியனைத் திரும்பிப் பார்த்தது. கட்டியிருந்த கைகளை முன்னால் கொண்டுவர அவனுக்குப் பயமாக இருந்தது.