மஞ்சள் கேபின்

"சத்தம் போடாதீங்க மேடம், எல்லாரும் தூங்குறாங்க."

கார்மேகம் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டு சொன்னார். நர்சரியைப் பார்வையிட வந்த ராதிகா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். காலை பத்து மணி.

"இப்பவா? சங்கத்து டைம்டேபிள்படி பத்து மணிக்குப் பாட்டு நேரமாச்சே அண்ணா."

"பாட்டெல்லாம் விடியக்காலமே முடிஞ்சிருச்சு. பெபின் ரெண்டு சர்ச் பாட்டு பாடுனான். மத்தவங்க, போதும்டா நிறுத்துடான்னு தலகாணிய விட்டெறிஞ்சாங்க."

ராதிகா சிரித்தாள். அபுதாபியிலிருந்து ருவைஸ் தாண்டி இந்தத் தொழிலாளர் கேம்ப் வரைக்கும் மணலைத் தவிர எதையும் பார்க்காமல் வந்தவளுக்கு அந்த மஞ்சள் கேபின், யாரோ கடலில் மிதக்கவிட்டு மறந்துபோன பெட்டி மாதிரி தெரிந்தது. சுவரில் ஓர் ஒட்டகச்சிவிங்கி புன்னகைத்துக்கொண்டிருந்தது. வசதியில்லாத தொழிலாளர்களின் பிள்ளைகளுக்காக நர்சரி நடத்தும் சங்கம், போன குளிர்காலத்தில் இதை லாரியில் ஏற்றி அனுப்பியது. டீச்சருக்கு இன்னும் விசா வரவில்லை. அதுவரை மெஸ் சமையல்காரர் கார்மேகம்தான் பொறுப்பு.

"அண்ணா, நேராவே சொல்லிடறேன். பிள்ளைங்க வராத கேபினையெல்லாம் திருப்பி எடுக்கச் சொல்லிட்டாங்க. லாரி ருவைஸ்ல ரெடியா நிக்குது. நான் சரின்னு சொன்னாத்தான் இது இங்க இருக்கும்."

கார்மேகம் தோள் துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"எடுத்துட்டுப் போயிராதீங்க மேடம். இந்த வெயில்ல இத விட்டா போக்கிடம் இல்ல. ரூம்ல ஏ.சி. செத்து ரெண்டு மாசமாச்சு. கம்பெனிக்காரன் புக்ரான்னு சொல்றான். நாளைக்காம். அவன் நாளைக்கு வரவே மாட்டேங்குது."

"ஒழுங்கா வர்றாங்களா?"

"இடம் பத்தல. மிச்சப் பேரு வாசல்ல நின்னு ஏக்கமா பார்த்துட்டுத் திரும்பிப் போறாங்க."

"சண்டை போடுவாங்களா?"

"ஏ.சி.க்கு நேர் கீழ யாரு படுக்கிறதுன்னுதான் சண்டை. முறை வச்சு மாத்தி விடறேன். ஆனா அம்மையப்பன் இருக்கானே, தூங்குற மாதிரி நடிச்சு அடுத்தவன் முறையத் திருடிருவான்."

"சாப்பாடு?"

"தயிர்சாதம்னா தகராறு இல்ல. செல்வசிங்குக்கு மட்டும் நான் ஊட்டி விடணும். கையில கட்டு."

"ஐயோ, என்ன ஆச்சு?"

"விழுந்துட்டான். ஓடியாடுற இடத்துல எல்லாம் நடக்கும்."

ராதிகா உதட்டைக் கடித்தாள். "விளையாட்டுச் சாமான் போதுமா?"

"பொம்மைய யாரும் சீண்டுறதில்ல. நீங்க அனுப்புன குட்டி நாற்காலிதான், ஒரே நாள்ல மூணு போச்சு."

"மூணா! என்ன பண்ணாங்க?"

"உக்காந்தாங்க."

"மட்டமான சாமானை வாங்கித் தலையில கட்டிட்டாங்க," என்று ராதிகா கோபமாகச் சொன்னாள். "அண்ணா, அம்மா வேணும்னு அழுவாங்களா?"

கார்மேகம் முதல் முறையாகத் தயங்கினார்.

"புதுசா வர்றவங்க அழுவாங்க. பெபின் வந்த புதுசுல சோறே இறங்கல. வெள்ளிக்கிழமை போன்ல அம்மா குரலக் கேட்டான், அவ்வளவுதான். போர்வைய இழுத்து மூடிக்கிட்டுக் குலுங்குறான். பக்கத்துல உக்காந்து தட்டிக் கொடுத்தேன். வேற என்ன செய்ய?"

"அம்மா கூட இல்லையா அவனுக்கு?"

"கடலோரம் ஊரு. நாகர்கோவில் பக்கம். அங்க இருக்காங்க."

அம்மாவைப் பிரிந்து இந்த மணலுக்கு நடுவில் ஒரு பிள்ளை. ராதிகாவுக்குக் கண் கலங்கியது. அவளே சென்னையை விட்டு வந்து நாலு மாதம்தான் ஆகிறது.

"அவனை மட்டுமாவது பார்த்துட்டுப் போறேன். எழுப்ப மாட்டேன்."

"வேணாம் மேடம்."

"நான் பார்க்காம எப்படிச் சரின்னு சொல்றது?"

கார்மேகம் செருப்பைக் கழற்றச் சொன்னார். ஓரமாக விலகி நின்று, கதவை மெல்லத் தள்ளினார்.

குளிர்ந்த காற்று முகத்தில் மோதியது. பின்னாலேயே குறட்டைச் சத்தம். யானை, குதிரை, மயில் வரைந்த சுவர்களுக்குக் கீழே, கைலி கட்டிய ஆண்கள் தோளோடு தோள் ஒட்டிப் படுத்திருந்தார்கள். மீசைகள். சிமெண்ட் படிந்த பாதங்கள். ஒருவர் கட்டுப்போட்ட கையை நெஞ்சின் மேல் வைத்திருந்தார். தாடி முளைத்த இளைஞன் ஒருவன் சிலுவை டாலரைப் பிடித்தபடி வாயைத் திறந்து தூங்கினான்.

"நைட் டூட்டி முடிச்சு வந்த ஆளுங்க," என்று கார்மேகம் கிசுகிசுத்தார். "குடும்பத்தக் கூட்டிட்டு வரக்கூடாதுங்கிற கேம்ப் மேடம் இது. இங்க ஏது குழந்தை? கேபினை இறக்கும்போதே சொல்லியிருப்பேன். ஆனா ஏ.சி.யோட வந்துருச்சு."

ராதிகாவின் கைப்பைக்குள் நோக்கியா அதிர்ந்தது. சங்கச் செயலாளர் செய்கு அலாவுதீன்.

"என்னம்மா, பிள்ளைங்க இருக்காங்களா? லாரிக்காரன் யல்லா யல்லான்னு அவசரப்படுத்துறான்."

ராதிகா கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"நிறைய இருக்காங்க சார், எல்லாரும் தூங்குறாங்க," என்றாள் தாழ்ந்த குரலில். "நாம கொடுத்த பாய்தான் பத்தல. அடுத்த தடவை ஆறடியில அனுப்பச் சொல்லுங்க."