கெய்த்தர் ஊரில் இல்லாத ஞாயிறு

சலவை இயந்திரத்துக்கும் பின்பக்க சன்னலுக்கும் நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார் கெய்த்தர். திரை இரண்டு விரல் அளவுக்குத்தான் விலகியிருந்தது. வீட்டில் ஒரு விளக்கும் எரியவில்லை.

கைப்பேசியில் செய்தி வந்து விழுந்தது. "கடல் எப்படிய்யா இருக்கு?"

"அலை நல்லா இருக்கு" என்று தட்டிவிட்டார்.

கடல் அங்கிருந்து ஐந்து மணி நேரப் பயணம். அவர் தலைக்கு மேலே, லெனோர் ஊரில், அவர் வீட்டுக் கூரையில் மழை பெய்துகொண்டிருந்தது.

கேட்டது வானிலைக் குழு. மலைமேல் பூன் என்கிற ஊர் தொடங்கி அடிவாரத்தில் லெனோர் வரை நாற்பது பேர். நவம்பர் பிறந்தால் இவர்களுக்குச் சாப்பாடு தூக்கம் வேண்டாம், மேகப் படம் போதும். மலைக்காரர்களுக்குப் பனி எப்படியும் விழுந்துவிடும். அடிவாரத்துக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். மேலே பனியாகக் கிளம்புவது நடுவழியில் உருகி, ஐஸ் குருணையாகவோ வெறும் மழையாகவோ வந்து சேரும்.

அதற்கும் கெய்த்தர்தான் காரணம் என்று குழு முடிவு கட்டியிருந்தது. அவர் லாரி ஓட்டியவர். பதினோரு வருடத்தில் லெனோரில் உருப்படியாகப் பனி விழுந்தது ஐந்தே முறை. ஐந்து முறையும் அவர் ஏதோ ஒரு வெளி மாநிலத்தில் இருந்தார். வீட்டில் இருந்த நாளெல்லாம் மழை.

போன மாதம் அவர் ஓய்வு பெற்றதும் குழுவே கதிகலங்கிப் போனது. இந்த ஞாயிறு பனி வரலாம் என்று தெரிந்ததுமே ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். "யோவ், பிள்ளைங்க சறுக்குப் பலகையைத் துடைச்சு வச்சுட்டுக் காத்துக்கிட்டு இருக்குதுங்க. உனக்குப் புண்ணியமாப் போகும், வாண்டாவைக் கூட்டிக்கிட்டுக் கடற்கரைக்குக் கிளம்பு."

சரி என்று சொன்னார். காரைத் தேவாலயத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, வயல் வழியே மனைவியோடு நடந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

எல்லாம் வாண்டாவுக்காகத்தான். கல்யாணமாகிப் பதினோரு வருடம். ஐந்து பனியையும் அவள் தனியாகப் பார்த்துவிட்டு, தொலைபேசியில்தான் அவருக்குச் சொன்னாள். சேர்ந்து நின்று ஒன்றுகூடப் பார்த்ததில்லை. இருவருக்கும் இது இரண்டாம் கல்யாணம், வயது அறுபதைத் தாண்டியாகிவிட்டது. இன்னும் எத்தனை குளிர்காலம் மிச்சமிருக்கிறது என்று யார் கண்டது.

ஆனாலும் அவருக்கு உள்ளூர உதறல்தான். ராசி என்பது நிஜமாகவே இருந்து தொலைத்தால்?

வெப்பமானி முப்பத்தாறு டிகிரி ஃபாரன்ஹீட்டில் அசையாமல் நின்றது. முப்பத்திரண்டுக்கு இறங்கினால்தான் தண்ணீர் உறையும்.

"பேசாம இப்பவே கிளம்பிடட்டுமா?"

"காலை ஒடிச்சுப் போடுவேன். உட்காரு" என்றாள் வாண்டா.

அவள் அதற்குள் பின்படிக் கைப்பிடிச் சுவரில் பெரிய பீங்கான் கிண்ணத்தை வைத்துவிட்டு வந்திருந்தாள். புதுப் பனியை அள்ளி, பாலும் சர்க்கரையும் வெண்ணிலாவும் கலந்து சாப்பிடாவிட்டால் அந்த ஊரில் பனி விழுந்ததாகவே அர்த்தமில்லை.

மூன்று மணிக்குக் கூரைச் சத்தம் மாறியது. யாரோ மேலிருந்து அரிசியை இறைப்பது போலிருந்தது. குருணை.

பிறகு அந்தச் சத்தமும் நின்றது.

போச்சு, எல்லாம் போச்சு என்று கெய்த்தர் முகத்தைப் பொத்திக்கொண்டார். வாண்டா திரையை முழுவதுமாக இழுத்துவிட்டாள்.

எதுவும் நிற்கவில்லை. பனி சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருந்தது.

பூட்ஸ் மாட்டக்கூடப் பொறுமையில்லாமல் இருவரும் காலுறையோடு பின்முற்றத்தில் இறங்கினார்கள். உள்ளே ஓடிக் காலைச் சூடாக்கிக்கொண்டு, மறுபடி வந்து நின்றார்கள். வாண்டாவின் நரைத்த புருவத்தில் பனி உட்கார்ந்தது. மனுஷன் அழுதேவிட்டார்.

ஐந்து மணிவரை கைப்பேசி ஓயவில்லை. "கெய்த்தர் தெய்வமே!" "உன் தியாகம் வீண்போகலைய்யா!" அவர் சிரித்துக்கொண்டே வாசித்துக் காட்டினார்.

அடுத்த செய்தியில் சிரிப்பு நின்றது. மைரன் எழுதியிருந்தார். "கெய்த்தர் வீட்டுப் பலகையில நானே போய் அளந்துடறேன். தெருமுனைக்கு வந்துட்டேன்."

பனி அளக்கும் வெள்ளைப் பலகை பின்முற்றத்தில்தான் இருந்தது. மைரன் குழுவின் பதிவேட்டைப் பதினாறு வருடமாக வைத்திருப்பவர். கால் அங்குலம் கூட்டிச் சொன்ன ஒருவனை இரண்டு குளிர்காலம் குழுவிலேயே சேர்க்காதவர். பொய் என்றால் அவருக்கு ஆகவே ஆகாது.

இருவரும் உள்ளே பாய்ந்து கதவைப் பூட்டித் திரையை இழுத்தார்கள். அப்புறம்தான் நினைவு வந்தது. கைப்பிடிச் சுவரில் கிண்ணம். முற்றம் முழுக்க இரண்டு ஜோடிக் கால்தடம்.

மைரன் வந்தார். முதலில் தடங்களைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். கெய்த்தர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மானம் கப்பலேறப் போகிறது.

மைரன் மண்டியிட்டு, பலகையில் அளவுகோலை நட்டுக் குனிந்து பார்த்தார். எழுந்து, தன் பெரிய பூட்ஸைத் தரையில் இழுத்து இழுத்து முற்றம் முழுக்க நடந்தார். ஒரு தடம் மிச்சமில்லாமல் அழிந்த பிறகே படம் எடுத்தார்.

கிண்ணம் பாதிதான் நிறைந்திருந்தது. வேலிமேல் கிடந்த சுத்தமான பனியைக் கையால் வழித்துக் குவியலாக நிரப்பி, கதவோரம் கொண்டுவந்து வைத்தார்.

"கெய்த்தர் மட்டும் இப்ப இங்க இருந்திருந்தா," என்று பூட்டிய கதவைப் பார்த்து உரக்கச் சொன்னார், "வெண்ணிலாவை அள்ளிக் கொட்டிடாதய்யா, ரெண்டு சொட்டு போதும்னு சொல்லியிருப்பேன்."

அவர் போன பிறகு கைப்பேசி அதிர்ந்தது. குழுவுக்கு மைரனின் பதிவு.

"லெனோர், கெய்த்தர் வீடு. இரண்டரை அங்குலம். வீட்டில் யாரும் இல்லை."