வாலுக்குக் கூடிய கூட்டம்

கூடத்துச் சுவர்ப் பல்லிக்குத் தன் பேச்சை நாலு பேர் கேட்க வேண்டுமென்று ஆசை. கொசு, குழல்விளக்கு, தன் அஜீரணம் என்று தினமும் எதையெதையோ பேசிப் பார்த்தது. ஒருவரும் நிமிரவில்லை.

"ஒரே விஷயத்தைப் பிடிச்சுக்கோ, அண்ணே," என்றது சிலந்தி.

ஒருநாள் வீட்டுக்காரர், "இந்த வரன் அமைஞ்சிடும்," என்றபோது பல்லி தற்செயலாகக் குரல்கொடுத்தது.

"பல்லியே சொல்லிடுச்சு!" என்று வீடே அண்ணாந்து கும்பிட்டது.

"கல்யாணம்தான் இனி என் துறை!" என்று பல்லி பூரித்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அம்மா, "பையன் குடிப்பானோ?" என்று கணவரிடம் கிசுகிசுத்தாள். பல்லி ஊருக்கே கேட்கும்படி முழங்கியது.

வீட்டுக்காரரின் துடைப்பம் பறந்து வந்தது. பல்லி தப்பியது, வால் மட்டும் தரையில் விழுந்து துள்ளியது. இரு வீட்டாரும் வாய்பிளந்து அதைச் சுற்றி நின்றார்கள்.

"உன் வாலுக்கு இருக்கிற மவுசு வாய்க்கு இல்லையே, அண்ணே!" என்றது சிலந்தி.