வழக்கில் இல்லாத சொல்

மதியச் சாப்பாட்டுக்கு வந்த நண்பரிடம் ஆங்கிலப் பேராசிரியர் தேவசகாயம் விளக்கிக்கொண்டிருந்தார். "பொண்டாட்டியே கதின்னு கிடக்குறவன் அக்ஸோரியஸ். புருஷனே கதின்னு கிடக்குறவ மாரிடோரியஸ். முதல் வார்த்தைய எல்லாரும் எழுதுறாங்க. ரெண்டாவத எவனும் சீண்டுறதில்ல."

அவர் மனைவி கிளாடிஸ் பக்கத்தில் உட்கார்ந்து, முள்வாளை மீன் துண்டை விரலால் நசுக்கி முள்ளெடுத்து அவர் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அது அவள் வேலை.

"அதென்ன அப்படி?" என்றார் நண்பர்.

"பொம்பளைன்னா அப்படித்தானே இருப்பா? அதுக்கெதுக்குத் தனியா ஒரு வார்த்தை?"

இருவரும் சிரித்தார்கள். கிளாடிஸ் எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்தாள். அடுத்த துண்டை முள்ளோடு அப்படியே எடுத்து வைத்தாள். சிரிப்பு அடங்காமலே அவர் அதைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். தட்டைப் பார்த்துச் சாப்பிட்டு அவருக்குப் பழக்கமில்லை.