பதினொன்றிலிருந்து ஐந்தரை வரை

மாமனார் அவளுடைய பெயரை வாசித்தபோது அவள் வாயில் தோசை இருந்தது.



"நம்ம வீட்டு வைஃபைக்கு மாசம் நூறு ஜிபி. இன்னிக்குத் தேதி பதினெட்டு. தொண்ணூத்தி நாலு காலி."

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, செல்போனைத் தூரமாகப் பிடித்திருந்தார். முப்பது வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். ரீடிங்கை உரக்கச் சொல்லித்தான் பழக்கம்.

கோபம் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"டிவி பதினொண்ணு. குரு பதினாலு. உங்கத்தை மூணு. என்னுது ரெண்டு. மருமக போன் அறுபத்தி நாலு."

நாத்தனார் குருலட்சுமி விசிலடித்தாள்.

"மதினி, ரூமுக்குள்ள தியேட்டர் நடத்துறீங்களா? நேத்து ராத்திரி என் மாதிரித் தேர்வு பாதியில நின்னுச்சே, அதுக்கு இதான் காரணமா?"

"இரு, இரு. மணிவாரியாவும் காட்டுது." விரலால் திரையைத் தள்ளினார். "தினமும் ராத்திரி பதினொண்ணுலருந்து காலைல அஞ்சரை வரைக்கும். ஏத்த எறக்கமே இல்ல. ஃபிரிட்ஜ் ஓடுற மாதிரி ஓடியிருக்கு."

அவள் சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் மாரி குஜராத்தில், ஜாம்நகரில் வேலையில் இருந்தான். கல்யாணமாகி எட்டு மாதம். சேர்ந்திருந்தது இருபத்திரண்டு நாள்.

பேசி முடித்த பிறகும் இருவரும் வீடியோ காலை அணைப்பதில்லை. அவன் போனை அங்கே தலையணையில் சாய்த்துவைப்பான். அவள் இங்கே. பிறகு பேச்சு கிடையாது. படமும் கிடையாது. விளக்கணைத்த இரண்டு அறைகள், அவ்வளவுதான். நடுவில் விழிப்பு வந்தால் அவன் புரண்டு படுப்பது கேட்கும். அவள் மறுபடி தூங்கிவிடுவாள்.

தப்பு ஒன்றும் இல்லை. கட்டிய புருஷன்தான்.

ஆனால் அதை இட்லித் தட்டுக்கும் தோசைக்கல்லுக்கும் நடுவில் எப்படிச் சொல்வது? மாமனார் வாயால் மணிக்கணக்கு வந்துவிட்டது. இனி அவர் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்விதான்.

அவர் கேட்பதற்குள் அவளே சொன்னாள்.

"படம் போட்டுட்டு அப்படியே தூங்கிடுறேன், மாமா."

பொறுப்பில்லாதவள் என்று பெயர் வாங்கலாம். அது பரவாயில்லை.

மாமனாரின் முகம் தெளிந்தது. ரீடிங்குக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

"இதுக்கா மூஞ்சி இப்படிப் போச்சு? தூக்கம் வந்தா யாருக்கு ஞாபகம் இருக்கும்? நீ ஒண்ணும் பண்ண வேணாம்மா. இன்னிலருந்து படுக்கப் போகும்போது நானே கூடத்துல வைஃபை பெட்டிய அணைச்சிட்டுப் போறேன்."

உதவி செய்கிறவரின் முகம். அதனிடம் என்ன வாதாடுவது?

"சரி, மாமா."

பெட்டி அணைந்தால் முடிந்தது. அவள் அறையில் சிம்முக்கு ஒரு கோடு சிக்னல்கூட ஏறாது. எட்டு மாதக் குடித்தனத்தை அவளே ஒரு பொய் சொல்லி முடித்துவைத்துவிட்டாள்.

தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கழுவிய தட்டையே திரும்பக் கழுவினாள்.

பின்னாலேயே அத்தை வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. மாவுச் சட்டியை மூடினாள். திறந்து, மறுபடி மூடினாள்.

"மொத நாளு, மாரிதான் ஊருக்கு வந்துட்டான்னு நெனச்சு எந்திரிச்சு உக்காந்துட்டேன்."

அவளுக்குப் புரியவில்லை.

"அவன் கொறட்டை. உன் ரூமு செவுத்துக்கு இந்தப் பக்கந்தான என் கட்டில் கெடக்கு."

அவள் காது மடல் சுட்டது.

பேசும்போது இயர்போன் மாட்டியிருப்பாள். தூங்கப் போகும்போதுதான் கழற்றுவாள். அப்படியென்றால் அவன் பேசியது எதுவும் சுவரைத் தாண்டியிருக்காது. அவள் பேசியது? எட்டு மாதப் பேச்சையும் ஒரு மூச்சில் புரட்டினாள். ஒரு வார்த்தையில் வந்து நின்றாள். அந்த வார்த்தையை இந்த வீட்டில் யாருமே கேட்டிருக்கக் கூடாது.

"இனிமே இல்ல, அத்தை. நான் இன்னிக்கே அவங்ககிட்ட..."

"நீ எதுக்கு? அவரு படுத்தா இடி விழுந்தாலும் அசைய மாட்டாரு. அணைச்சிட்டுப் போகட்டும். நான் போட்டு விட்டுர்றேன்."

"ஜிபி பத்தாது, அத்தை."

"அடுத்த மாசத்துலருந்து டிவில நாடகத்த நிப்பாட்டிர்றேன். அஞ்சு நாடகமும் ஒரே கதைதான், ஒரே அழுகைதான்."

கூடத்திலிருந்து குருலட்சுமி இன்னொரு தோசைக்குக் குரல் கொடுத்தாள்.  அத்தை ஈரமில்லாத கையை முந்தானையில் துடைத்தாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல் நிலைப்படி வரை போனாள்.

அங்கே நின்றாள். திரும்பவில்லை. குரல் மட்டும் தாழ்ந்து வந்தது, கடைக்காரரிடம் எதையோ கூச்சத்தோடு கேட்பதுபோல.

"நாலு நாளா சரியா கேக்க மாட்டேங்குது. போனை இந்தச் செவுத்துப் பக்கமா வச்சுக்கிறியாம்மா?"