சாரம் ஏறத் தெரியுமா?

"புள்ளைக்குப் பேரென்னங்க சார்?"

"மயிலாளுங்க" என்றார் அலாவுதீன்.

"நல்ல பேரு. எந்த ஊரு, அம்மிணி?"

"குன்னத்தூருங்க."

"நல்ல ஊரு" என்றார் காண்ட்ராக்டர் கிட்டுசாமி. எல்லாவற்றையும் நல்லது நல்லது என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் வேண்டாம் என்பது அவர் பழக்கம்.

அலாவுதீன் பாலிடெக்னிக்கில் சிவில் பிரிவு ஆசிரியர். படித்து முடித்தவர்களைக் கட்டடக் காண்ட்ராக்டர்களிடம் அழைத்துப்போய் வேலையில் சேர்த்துவிடுவதை, யாரும் சொல்லாமலே தன் தலையில் போட்டுக்கொண்டவர். திருப்பூரில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை. பையன்கள் பரீட்சை முடிந்த மறுநாளே பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். வீடு கட்டுகிற வேலைக்குத்தான் போவேன் என்று அந்த வருடம் பிடிவாதமாக நின்றவள் மயிலாள் ஒருத்திதான். அவளை யாரும் எடுக்கவில்லை.

"சூப்பர்வைசர் வேணும்னு சொல்லியிருந்தீங்களேண்ணா. இந்தப் புள்ளதான் வகுப்புலயே முதல் மார்க்கு. நீங்களும் இல்லைன்னுட்டா, திங்கக்கிழமையிலிருந்து பனியன் கம்பெனிக்குப் பிசிறு வெட்டப் போகோணும்னு அவங்கப்பா சொல்லிப்போட்டாருங்க."

மயிலாள் இஸ்திரி போட்ட புடவையில், சான்றிதழ் உறையை மார்போடு அணைத்தபடி நின்றாள். பிளானும் எஸ்டிமேட்டும் படித்துவிட்டு, நாள் முழுக்கப் பனியனில் நூல் கத்தரித்துக்கொண்டு உட்கார அவளுக்குத் துளியும் இஷ்டமில்லை.

எதிரே ஒரு பனியன் கம்பெனி முதலாளியின் மூன்று மாடி வீடு எழும்பிக்கொண்டிருந்தது. அன்று மேல்தளத்துக்குக் கான்கிரீட். மிக்ஸர் மெஷின் போட்ட இரைச்சலில் எல்லோருமே கத்தித்தான் பேசினார்கள்.

"படிப்பு சரி. வெயில்ல நிக்கோணும், அம்மிணி."

"நிப்பேனுங்க."

"சாரம் ஏறோணும். மூங்கில் கட்டிப் பலகை போட்டிருக்கும். பாத்திருக்கியா?"

"பாத்திருக்கறனுங்க."

"பாத்தா ஆச்சா? ஏறத் தெரியுமா?"

"ஏறியிருக்கறனுங்க."

கிட்டுசாமி சிரித்தார். "பாலிடெக்னிக்குல ஆளுயரத்துக்கு ஒண்ணைக் கட்டி வெச்சு ஏறச் சொல்லியிருப்பாங்க. இது மூணு மாடி. பாதியில நின்னு கீழ பாத்தா ஆம்பளைக்கே கிறுகிறுன்னு வரும்."

"பழகீட்டா வராதுங்க" என்ற மயிலாள், மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டீ வந்துவிட்டது.

அந்தப் பக்கத்தில் ஒருவரை இல்லை என்று சொல்லி அனுப்புவதற்கு முன்னால் ஒரு டீ வாங்கிக் கொடுப்பது மரியாதை. அலாவுதீனுக்கு அது தெரியும். டம்ளரைக் கையில் வாங்கியபோதே அவர் முகம் வாடிவிட்டது.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார்" என்றார் கிட்டுசாமி. "பொம்பளைங்க ஒடம்புக்கு இந்த வேலை ஆகாதுங்க. வெயில், தூசி, இந்த உசரம். எங்கூட்டுப் புள்ளையா இருந்தா அனுப்புவனுங்களா?"

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அவர் முதுகுக்குப் பின்னால் ஏழெட்டுப் பெண்கள் தலையில் கான்கிரீட் சட்டியோடு வரிசையாகச் சாரத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அலாவுதீன் அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

"அவங்கெல்லாம் யாருங்கண்ணா?"

கிட்டுசாமி திரும்பிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"அதுங்க சித்தாளுங்க சார். நான் பொம்பளைங்களப் பத்திப் பேசீட்டிருக்கறேன்."

அலாவுதீன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "வர்றனுங்க" என்று கும்பிட்டுவிட்டு மயிலாளும் அவர் பின்னால் போனாள். பாவம், நல்ல புள்ளை என்று கிட்டுசாமி மனதார வருத்தப்பட்டார்.

வருத்தம் தீர்வதற்குள் மேஸ்திரி வெள்ளையன் ஓடி வந்தான்.

"சித்தாள் ஒண்ணு கொறையுதுங்க. மேல சட்டி வந்து சேர நேரமாகுது. இப்படியே போனா கலவை இறுகீருமுங்க."

கிட்டுசாமிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்கிருந்தாச்சும் ஒண்ணப் புடிச்சுட்டு வாய்யா! சனமெல்லாம் பனியன் கம்பெனியே கதின்னு கெடக்குது. கட்டட வேலைக்கு வர்றேன்னு சொல்ல இந்த ஊருல ஒரு நாதியில்ல!"

வெள்ளையன் தலையைச் சொறிந்துகொண்டு கேட் பக்கம் போனான்.

கிட்டுசாமி கம்பிக் கட்டு இறக்க வந்த லாரிக்காரனிடம் சண்டை போட்டு முடித்துவிட்டு வந்தபோது, வேலை சீராக ஓடிக்கொண்டிருந்தது. புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை மாட்டி, தலையில் துண்டைச் சுற்றிய ஒல்லியான சித்தாள் ஒருத்தி, மூங்கிலைக்கூடப் பிடிக்காமல், நிறைந்த சட்டியோடு மூன்றாவது மாடிக்கு விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தாள். பலகை அசைந்ததும் அவள் நடையை மாற்றி மிதித்த பக்குவத்தைக் கண்டு அவர் அசந்துபோனார்.

"அட, யாருய்யா அந்தப் புள்ள? ஆம்பளைங்களே இவகிட்ட வந்து கத்துக்கோணும் போல. நம்மகிட்ட எப்ப இருந்து வேலைக்கு வருது?"

"மூணு வருசமா, பாலிடெக்னிக்குக்கு லீவு உட்டா நம்ம சைட்டுலதானுங்க இருக்குது" என்றான் வெள்ளையன். "உன்னால சாரம் ஏற முடியாதுன்னு இப்பத்தானுங்க நீங்க சொல்லி அனுப்புனீங்களாமா."